இந்தப் பக்கம் சிவப்பு

டர்பன், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டை.
கதவு ஒன்று, வாடகை ஒன்று, தரை இரண்டு.
கணக்கைப் பிரித்த வாரம்
மச்சான் சதாசிவன் தன் பாதிக்கு
எப்பாக்ஸி போட்டான். சாம்பல் நிறம்,
உள்ளே மீன்செதில்போலப் பொடிச் சில்லுகள்.
லிட்டர் விலையைச் சொன்னபோது நான்
காது கேளாதவன்போல் ரேடியோவைத் திருகினேன்.
என் பாதிக்குச் சாதாரணத் தரைப் பெயின்ட்,
செங்கல் சிவப்பு, தள்ளுபடியில் நாலு டின்.

விற்க வந்தவன் பத்து வருஷம் என்றான்.
கடல் பக்கம் என்பதையோ
இந்தக் கட்டடம் சதுப்பை மூடி எழுந்தது என்பதையோ
அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
பெக்கானி மட்டும் ராத்திரி ஒரு பிளாஸ்டிக் தாளை
நாலு ஓரமும் ஒட்டிவிட்டுப் போனான்.
காலையில் அதன் அடிவயிறு
வியர்த்திருந்தது.
"தரை மூச்சு விடுது, பாஸ்."
சதா சிரித்தான். ரோலர் ஏற்கெனவே நனைந்திருந்தது.

முதல் வருஷத்தைப் பேசவே வேண்டாம்.
அவன் பக்கம் விழுந்த போல்ட்
தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உருண்டது.
புது வண்டிக்காரர்கள் அங்கே நிறுத்தினார்கள்,
ஒழுகுகிற பக்கி வைத்திருந்தவர்கள் என்னிடம்.

பிறகு டயர்கள்.
நெடுஞ்சாலையில் கொதித்து வந்த டயர்
ஆறும்போது அடியில் இருப்பதைக் கவ்விக்கொள்ளும்.
வண்டியை எடுத்தால் நாலு இடத்தில்
உள்ளங்கை அகலம் வெறும் கான்கிரீட்.
பிரேக் ஆயில் சொட்டிய இடம் பாலாடைபோலச் சுருங்கியது.
கதவோரம், வெயில் பட்ட ஒரு முழம்,
பழைய பல்லாய் மஞ்சளித்தது.
ஒரு ஏப்ரல் வெள்ளம்
அலமாரியின் இரண்டாம் தட்டைத் தொட்டுவிட்டுப் போனது.
வடிந்தபின் அவன் தரை கொப்புளித்துக் கிடந்தது.
ஆணியை நுழைத்தால்
எண்ணெய் காட்டிய தோசைபோல
மொத்தமாய்க் கிளம்பியது.

எனக்குச் சந்தோஷம்தான். மறைக்க என்ன இருக்கிறது.
ஆனால் என் சிவப்பு?
உரியவில்லை. உரிய அதற்கு உடம்பில்லை.
ஜாக்கிச் சக்கரம் ஓடிய தடம் வெளுத்து
முட்டி போட்டவன் கால்சட்டையில்,
மதிய ரொட்டியில்,
பெக்கானி மகனின் பள்ளிப் பையில்கூட
கொஞ்சம் கொஞ்சமாய் வீடு மாறியது.
ஒவ்வொரு டிசம்பரும் கடை மூடும் வாரத்தில்
இன்னொரு டின். ஏழு டிசம்பர்.
கூட்டிப் பார்த்தால் சதாவைவிட எனக்கு
இருநூறு ராண்ட் மிச்சம்.
பெக்கானியின் கூலியை அதில் சேர்க்கவில்லை.

தங்கை கோகிலா வந்தால்
வேண்டுமென்றே கோட்டை நடுவில் விட்டு நிறுத்துவாள்.
இரண்டு டயர் புருஷன் பக்கம்,
இரண்டு டயர் அண்ணன் பக்கம்.
"யார் தரை முதல்ல போகுதுன்னு பார்க்கிறேன்" என்பாள்.
இரண்டு பக்கமும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு
வீட்டுக்குப் போவாள்.

போன சனிக்கிழமை கிரைண்டர் வாடகைக்கு எடுத்தோம்.
ஒன்றுதான். பாதிப் பணம் அவன், பாதி நான்.
சாம்பல் தாள்தாளாய் வந்தது,
சிவப்பு புகையாய்.
நடுக்கோட்டில் மட்டும் இயந்திரம் திணறியது.
ஒரு சாண் அகலம், பின்சுவரிலிருந்து கதவு வரை,
இரண்டு நிறமும் நேற்றுப் பூசியதுபோல.
அங்கே மட்டும் இரண்டு பேரும்
மற்றவன் ஒரு விரல்கூட உள்ளே வரக்கூடாதென்று
மண்டியிட்டு, அமிலம் விட்டுக் கழுவி,
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து,
காயும்வரை பக்கத்தில் காவலிருந்து,
டேப் ஒட்டிப் பூசியிருந்தோம்.

பெக்கானி சுவிட்சை அணைத்தான்.
புழுதிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
"தரை முழுக்கச் சண்டை போட்டிருக்கலாம், பாஸ்."

சதா பதில் பேசாமல் புது டிஸ்க்கைப் பிரித்தான்.
நான் ஸ்பேனரை நீட்டினேன்.
அந்த ஒரு சாணுக்கு மட்டும்
மூன்று டிஸ்க் தேய்ந்தது.